டி. வி. சுந்தரம் அய்யங்கார்

திருக்குறுங்குடி வேங்கரம் சுந்தரம் அய்யங்கார் (மார்ச் 22, 1877 - ஏப்ரல் 28, 1955) தென்னிந்தியாவில் மோட்டார் போக்குவரத்துத் தொழிலுக்கு அடித்தளமிட்ட முன்னோடிகளுள் ஒருவராவார். டி.வி.எஸ். என்னும் வணிகப் பெயர் இவரது பெயரின் முதலெழுத்துகளே.

தொடக்க வாழ்வு

திருநெல்வேலி மாவட்டத்தில் திருக்குறுங்குடியில் பிறந்தார். வழக்கறிஞராகத் தொடங்கி, பின்னர் இரயில்வேயிலும் வங்கியிலும் பணியாற்றினார். நிலையான ஊதியத்தை விட்டு 1911 இல் மதுரையில் தம் பெயரில் நிறுவனம் தொடங்கினார். மாட்டுவண்டியையும் இரயிலையும் மட்டுமே நம்பியிருந்த ஊர்களுக்கு இவரது பேருந்துகள் சென்றன.

கரிவாயு வண்டிகள்

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் கிடைப்பது அரிதாயிற்று. வண்டிகள் நின்றால் தொழிலும் நிற்கும். இந்நிலையில் டி.வி.எஸ். எரிவாயுக் கலன் உருவாக்கப்பட்டது. மரக்கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்சைடு மிகுந்த வாயு உண்டாகும். அதனைக் குளிர்வித்து, தூசி நீக்கி, எஞ்சினுக்குள் செலுத்துவர். பெட்ரோல் தரும் இழுவிசை இதில் கிட்டாது. புறப்படுமுன் கலனை மூட்டிக் காத்திருக்கவும் வேண்டும். எனினும் வண்டிகள் ஓடின. தேய்ந்த டயர்களைப் புதுப்பிக்கும் தொழிற்சாலையையும் இவர் நிறுவினார். வண்டியை வாங்குவதைவிட அதனை ஓடும் நிலையில் வைத்திருப்பதே கடினம் என்பதை இவரது முயற்சிகள் பலவற்றில் காணலாம். சுந்தரம் மோட்டார்ஸ், மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ் ஆகியனவும் இவர் காலத்தில் தோன்றியவை.

குடும்பம்

மகள் சௌந்தரம் இளமையிலேயே கணவரை இழந்தார். கைம்பெண்கள் வீட்டிற்குள் முடங்கியிருந்த அக்காலத்தில், அவர் தில்லியில் மருத்துவம் பயின்று 1936 இல் பட்டம் பெற்றார். பின்னர் அவர் கோ. இராமச்சந்திரனை மணக்க விரும்பியபோது பெற்றோர் முதலில் இசையவில்லை. காந்தியின் ஆதரவுடன் 1940 இல் திருமணம் நடைபெற்றது. இவ்விணையர் 1947 இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவினர்.

பிற்காலம்

தொழிலை மகன்களிடம் ஒப்படைத்த சுந்தரம் அய்யங்கார் கொடைக்கானலில் காலமானார். இவர் தொடங்கிய பேருந்துத் தொழில் பின்னாளில் அரசுடைமையாயிற்று. 1972 இல் மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் அமைந்தது. குழுமம் பின்னர் உற்பத்தியில் வளர்ந்தது. ஓசூரில் 1980 இல் இருவர் செல்லத்தக்க டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்தது. பந்தய வண்டியின் சாயல் கொண்ட அப்பாச்சி ஆர்ஆர் 310 என்னும் விசையுந்து 2017 இல் அதே பெயர் தாங்கி வந்தது.