வலியை அளந்த கொல்லிமலைக்காரர்



கொல்லிமலை என்றதும் நமக்கு ஞாபகம் வருவது எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் ஆகாய கங்கை அருவியும்தான். ஹாஸ்டலில் கோஷ்டி சேர்ந்து போய் வராத பேட்சே இருக்காது. அந்த மலையில் பிறந்த ஒருவர், மனிதனின் கையையும் காலையும் ஒரு எஞ்சினியரின் கண்ணோடு பார்த்து உலகப் புகழ் பெற்றார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்தான் டாக்டர் பால் பிராண்ட். பயோமெக்கானிக்ஸில் புராஜெக்ட் செய்ய ஆசைப்படும் தம்பி, தங்கைகளுக்காக அவர் கதையை இந்த மலரில் எழுதுகிறேன்.

பிராண்ட் பிறந்தது 1914-ல். பெற்றோர் ஜெஸ்ஸி, எவலின் இருவரும் இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிகள். அப்பா வீடு கட்டுவார், தச்சு வேலை செய்வார், தெரிந்த அளவுக்கு வைத்தியமும் பார்ப்பார். மலைப் பிள்ளைகளோடு மரம் ஏறி வளர்ந்த பையனை ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். 1929-ல் அப்பா மலையிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். மகனால் அவரை மறுபடி பார்க்கவே முடியவில்லை. அம்மா 1974-ல் தன் 95-வது வயதில் இறக்கும்வரை மலை மக்களுக்காக உழைத்தார்.

பிராண்ட் நேராக டாக்டருக்குப் படிக்கவில்லை. முதலில் சில வருஷம் கட்டட வேலையும் தச்சு வேலையும் பழகினார். பிறகுதான் லண்டனில் மருத்துவம் படித்து, அறுவை சிகிச்சை நிபுணராகி, 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து சேர்ந்தார்.

அடுத்த வருஷம் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். அங்கே விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம், தன் கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார். பிடி இரும்பு மாதிரி இருந்தது! கை செத்துவிட்டது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். உண்மையில் விரல்களை நிமிர்த்தும் உள்ளங்கைச் சிறு தசைகள்தான் செயலிழந்திருந்தன. முன்கைத் தசைகள் பலமாகவே இருந்தன. நம்ம ஊர் பட்டறை பாஷையில் சொன்னால், ஒரு மோட்டார் எரிந்துவிட்டது, பக்கத்து மோட்டார் ஓடுகிறது. ஓடுகிற மோட்டாரிலிருந்து பெல்ட்டை மாற்றிப் போட்டால் வேலை நடக்கும் இல்லையா? பிராண்ட் அதைத்தான் செய்தார். நல்ல தசையின் நாணை எடுத்து விரலுக்கு இணைத்தார். எந்தத் தசைக்கு எவ்வளவு இழுவிசை, மூட்டிலிருந்து நாண் எவ்வளவு தூரம் தள்ளிப் போகிறது என்று நெம்புகோல் கணக்காகவே பார்த்தார். பின்னாளில், 1985-ல், கையின் இயந்திரவியலைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் வெளிவந்தது.

ஆனால் திருத்திய கைகளிலும் புண் வந்துகொண்டே இருந்தது. ஏன்? ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்று அவருக்குத் திறக்கவில்லை. நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருப்பில் திறந்துவிட்டான். பார்த்தால் அவன் விரல் எலும்பு தெரியும் அளவுக்குக் கிழிந்திருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை! தொழுநோயாளியின் சதை கெட்ட சதை, ஆறாது என்பது அந்தக் கால நம்பிக்கை. சதையில் குற்றமில்லை, எச்சரிக்கை செய்யும் வலிதான் இல்லை என்று பிராண்ட் நிரூபித்தார்.

1966-ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிறகும் இதே ஆராய்ச்சிதான். ஒரே அடியில் கிழிக்கும் விசையைவிட, சிறிய விசை ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான தடவை விழுவதே கால் புண்ணுக்கு முக்கியக் காரணம் என்று கண்டார். நாம் கொஞ்ச தூரம் நடந்ததும் நம்மை அறியாமலே அடியை மாற்றி வைக்கிறோம். வலி தெரியாதவர் முதல் அடியைப் போலவே கடைசி அடியையும் வைக்கிறார். நாம் படித்த ஃபெட்டீக் பாடம்தான் இது!

அப்புறம் எஞ்சினியர்களைச் சேர்த்துக்கொண்டு செயற்கை வலி ஒன்றைச் செய்யப் பார்த்தார். கையுறையிலும் காலுறையிலும் சென்சார் வைத்து, அழுத்தம் மிஞ்சினால் ஒலி எழுப்பும் கருவி. பல வருஷம் உழைத்தும் அது தோற்றது. சென்சார்கள் அடிக்கடி பழுதானது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. வேலை அவசரத்தில் நோயாளி சுவிட்சை அணைத்துவிட்டு, வேலையை முடித்துக்கொண்டு, மறுபடி போட்டுக்கொண்டார். நம் இஷ்டத்துக்கு அணைக்க முடியாததுதான் வலியின் சிறப்பு என்று பிராண்ட் புரிந்துகொண்டார். தோல்வியை அவர் மறைக்கவில்லை. புத்தகத்திலேயே விவரமாக எழுதிவைத்தார்.

இது ஏதோ பழைய தொழுநோய்க் கதை என்று நினைத்துவிடாதீர்கள். சர்க்கரை நோயிலும் பாதம் மரத்துப்போகிறது. எங்க அப்பாரு மே மாத வெயிலில் மோட்டார் ரூம் சிமெண்ட் தளத்தில் வெறுங்காலோடு நின்றார். பாதம் கொப்பளித்தது தெரியாமலே காடு முழுக்கச் சுற்றி வந்தார். கட்டைவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. அடுத்த வருஷம் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவருக்கும் இதே கதி. மரத்துப்போனதை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு சின்ன நைலான் இழை போதும். பாதத்தில் வைத்து அழுத்தினால் 10 கிராம் விசையில் அது வளைந்துவிடும். அது தொட்டது தெரியாவிட்டால் பாதத்துக்கு ஆபத்து. கார்வில் ஆய்வுகளால் பரவலான பரிசோதனை இது. நாம் படித்த ஆய்லரின் பக்ளிங் விதி, பேட்டரி இல்லாமல், சுவிட்ச் இல்லாமல் வேலை செய்கிறது!

பிராண்ட் 2003-ல் அமெரிக்காவில் காலமானார். லாஸ்கர் விருது உட்படப் பல பெருமைகள் அவரைத் தேடி வந்தன. ஆனால் மாணவத் தம்பி, தங்கைகளுக்கு நான் சொல்ல விரும்புவது வேறு. உங்கள் புராஜெக்டில் சென்சாரும் ஆப்பும் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும். அதை எடுத்துக்கொண்டு ஒரு தடவை தோட்டத்துக்கும் மில்லுக்கும் போங்கள். அதைப் போட்டுக்கொள்பவர் வேலை அவசரத்தில் என்ன செய்கிறார் என்று பாருங்கள். டிசைன் ரிவியூவில் கேட்காத கேள்வியை அவர் உங்களிடம் கேட்பார். அதற்குப் பதில் வைத்திருக்கும் மாணவரே நம் கல்லூரிக்குப் பெருமை சேர்ப்பார்.