மார்க்கோனியும் மூன்று புள்ளிகளும்

கம்பியில்லாத் தந்தியை உலகிற்கு வழங்கியவர் எனப் போற்றப்பெறும் குலியெல்மோ மார்க்கோனி, இத்தாலி தேசத்துப் பொலோஞா நகரில் 1874-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 25-ம் நாள் பிறந்தார். தந்தையார் செல்வமிக்க நிலக்கிழார். தாயார் அயர்லாந்து தேசத்து மாது. இவர் சர்வகலாசாலைப் பட்டம் எதுவும் பெற்றவரல்லர். ரீகி என்னும் பௌதிகப் பேராசிரியரிடம் மின்காந்த அலைகளைப் பற்றிக் கேட்டறிந்து, தம் வீட்டு மேன்மாடத்திலேயே சோதனைகளைத் தொடங்கினார். 1895-ம் ஆண்டில் அவர் அனுப்பிய குறி, வீட்டிற்கு எதிரேயுள்ள குன்றையும் கடந்து சென்றது. குன்றின் அப்புறத்தில் நின்ற தமையனார், குறி வந்து சேர்ந்ததைத் துப்பாக்கி வெடித்துத் தெரிவித்தார் என்பர்.

மறு ஆண்டே அவர் இங்கிலாந்து சேர்ந்து காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1897-ல் பிரிஸ்டல் கால்வாயையும், 1899-ல் ஆங்கிலக் கால்வாயையும் அவருடைய குறிகள் தாண்டின. அடுத்து அட்லாண்டிக் சமுத்திரத்தையே தாண்டத் துணிந்தார். பூமியோ உருண்டை, அலைகளோ நேராகச் செல்வன, ஆதலின் இது கைகூடாதென்றே அறிஞர் பலர் கருதினர்.

கார்ன்வாலில் போல்டூ என்னுமிடத்தில் எழுப்பிய 20 கம்பங்களும் 1901-ம் ஆண்டு செப்டம்பர் மாதப் புயலில் வீழ்ந்தன. அவர் தளர்ந்தாரல்லர், எளியதோர் ஆகாயக் கம்பியைக் கட்டுவித்து, நியூபவுண்டுலாந்துக்குக் கப்பலேறினார். மோர்ஸ் சங்கேதத்தில் எஸ் என்னும் எழுத்துக்குரிய மூன்று புள்ளிகளைக் குறித்த நேரத்தில் போல்டூ நிலையத்தார் மீண்டும் மீண்டும் அனுப்ப வேண்டுமென்பது ஏற்பாடு. டிசம்பர் 12-ம் நாள் செயிண்ட் ஜான்ஸ் நகரத்துச் சிக்னல் குன்றின்மேல், கடுங்காற்றிலே பட்டமொன்றால் கம்பியை உயர்த்தி, டெலிபோன் செவிக்குழலைக் காதில் வைத்துக் காத்திருந்தார். நண்பகல் கடந்து சிறிது நேரத்தில் மூன்று மெல்லிய தட்டொலிகள் கேட்டன. உடனிருந்த கெம்ப் என்னும் உதவியாளரும் கேட்டார். அன்று பயன்பட்ட பாதரசக் கருவியை ஒத்ததொன்றை நம் ஜகதீச சந்திர போஸ் 1899-லேயே விவரித்திருந்தார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

அக்குறிகள் மெய்யாகவே கேட்டனவா? நாடாவில் குறி பதிக்கும் யந்திரம் அன்று பயன்படவில்லை. இருவர் செவிகளே சாட்சி. எதற்காகக் காத்திருந்தனர் என்பதும் அவர்களுக்கு முன்னரே தெரியும். வானத்து இடியோசை இரைச்சலில் எதிர்பார்த்த எழுத்தைக் காது தானே படைத்துக்கொள்ளுதல் இயல்பு. ஐயத்தை நீக்கவே அவர் 1902-ம் ஆண்டு பிப்ரவரியில் பிலடெல்பியா என்னும் கப்பலில் நாடாவுடன் பயணஞ் செய்தார். இரவில் 2,099 மைல் வரை எஸ் எழுத்துப் பதிவாயிற்று; பகலிலோ 700 மைலுடன் நின்றுபோயிற்று. நியூபவுண்டுலாந்தில் கேட்டதோ பகலில்! இவ்வாறு ஐயந் தீர்க்கப் புகுந்த சோதனையே ஐயத்தை வளர்த்தது. அது இன்றளவும் தீரவில்லை. இக்காலத்து ஆர்வலர் சிலர், தாமே கூட்டியமைத்த சிறு கருவியால் ஒரு வாட்டிலும் குறைந்த ஆற்றலில், புள்ளியொன்றுக்கு மூன்று வினாடி அல்லது அதனினும் கூடுதலான நேரம் கொடுத்துத் தம் நிலையக் குறியை ஓயாது அனுப்புகின்றனர். அத்துணை மெதுவாய் வருவதைச் செவி பகுத்தறியாது. கணிப்பொறித் திரையிலோ அது மெல்லிய கோடாய்ப் பதிந்து கிடக்கும். மார்க்கோனிக்கு அன்று வாய்க்காதது இத்தகைய பதிவே.

பின்னர் அவர் நெட்டலைகளையும் பேராற்றலையுமே நம்பிப் பெருநிலையங்களை நிறுவினார். 1909-ல் பிரௌன் என்பவருடன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பயனற்றவையென ஆர்வலருக்கு ஒதுக்கப்பட்டிருந்தவை 200 மீட்டரும் அதற்குக் குறைந்த அலைகளுமே. 1921-ம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க ஆர்வலர் ஒரு கிலோவாட்டுக்கும் சற்றுக் குறைந்த ஆற்றலில் அனுப்பிய குறிகள் ஸ்காட்லாந்தில் கேட்கப்பட்டன. மார்க்கோனியும் 1923-ல் எலெத்திரா என்னும் தம் கப்பலிலிருந்து சிற்றலைகளைச் சோதித்தார். ஒரு கிலோவாட்டு ஆற்றலுடன் போல்டூ அனுப்பிய சிற்றலை, பன்மடங்கு ஆற்றலுடைய நெட்டலை நிலையத்தின் குறியை வென்றது. தாம் அரும்பாடுபட்டு வளர்த்த முறையைக் கைவிட அவர் நாணவில்லை. இதனையே அவருடைய பெருமைகளுள் தலையாயதென்பேன். 1927-ல் இந்தியாவும் இங்கிலாந்தும் சிற்றலைத் தந்தியால் இணைந்தன.

அவர் முசோலினியின் கட்சியிற் சேர்ந்து இறுதிவரை அதனை ஆதரித்தது அவர் வரலாற்றில் மறைக்கவொண்ணாத கறையாம். 1937-ம் ஆண்டு ஜூலை 20-ம் நாள் உரோமாபுரியில் உயிர்நீத்தார். அவருடைய நல்லடக்கத்தின்போது பிரிட்டிஷ் தபால் நிலையத்தாரின் கம்பியில்லாத் தந்தி நிலையங்கள் இரண்டு நிமிஷம் குறியெதுவும் அனுப்பாது மௌனங் காத்தன.