நாலே நாலு கலர்... நீலமே இல்லாமல் நீலம் காட்டிய ஆண்டர்ஸ் சோர்ன்!

பெயின்ட் கடைக்குப் போனால் 24 கலர், 48 கலர் என்று செட் செட்டாக அடுக்கி வைத்திருப்பார்கள். ஆனா, வெறும் நாலே கலர் கொண்ட ஒரு செட்டுக்கு 'சோர்ன் பேலட்' என்று ஓர் ஓவியரின் பெயரே நிலைச்சிருச்சு. மூன்று அமெரிக்க அதிபர்களை வரைந்த ஸ்வீடன் ஓவியர் அவர்.

யார் இந்த சோர்ன்?

1860-ல் ஸ்வீடனின் மோராவில் பிறந்தவர். அம்மா பீர் ஆலையில் வேலை பார்த்தவர். அப்பா ஜெர்மனியைச் சேர்ந்த பீர் தயாரிப்பாளர். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அப்பாவை சோர்ன் கடைசிவரை பார்த்ததே இல்லை. அவரிடமிருந்து வந்தது பெயரும் கொஞ்சம் பணமும்தான். வளர்த்தது தாத்தா, பாட்டி.

15 வயதில் ஸ்டாக்ஹோம் கலைக் கல்லூரியில் சேர்ந்தார். சிற்பியாகத்தான் ஆசை. ஆனா, வாட்டர்கலர் இழுத்துக்கிச்சு. 1880-ல் துக்க உடையில் இருக்கும் ஒரு பெண்ணை வரைந்த படம் பேசப்பட, போர்ட்ரெய்ட் ஆர்டர்கள் குவிந்தன.

அப்போதுதான் பணக்கார வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த எம்மா லாம் மீது காதல். கையில் காசு இல்லை. நிச்சயதார்த்தத்தை ரகசியமாக வைத்துக்கொண்டு, வெளிநாடுகளில் வரைந்து சம்பாதித்தார். 1885-ல் கல்யாணம். அதற்குப் பிறகு, இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸ் கடற்கரையில் ஆயில் பெயின்டிங்கைக் கையில் எடுத்தார்.

அந்த நாலு கலர் என்ன?

வெள்ளை, மஞ்சள் காவி, வெர்மிலியன் சிவப்பு, ஐவரி பிளாக். 1896-ல் வரைந்த சுய ஓவியத்தில் அவர் கையில் இருக்கும் தட்டில் இந்த நாலையும் பார்க்கலாம்.

சரி, நீலத்துக்கு என்ன பண்றது? ரகசியம் கறுப்பில் இருக்கு. ஐவரி பிளாக் கொஞ்சம் குளிர்ச்சியான கறுப்பு. வெள்ளையோடு கலந்தால் சாம்பல் வரும். அதையே காவி, சிவப்பு பக்கத்தில் வைத்தால், நம்ம கண் அதை நீலமாகவே எடுத்துக்கும்.

கறுப்பும் மஞ்சள் காவியும் சேர்ந்தால் ஆலிவ் பச்சை. சிவப்பும் காவியும் சேர்ந்தால் ஆரஞ்சு. சிவப்பில் கறுப்பு சேர்ந்தால் பிரவுன். சிவப்பு, காவி, வெள்ளை மூன்றும் சேர்ந்தால் தோல் நிறம், நிழலுக்கு அதிலேயே துளி கறுப்பு. முகம் வரைய இது போதும். எல்லாமே அதே நாலிலிருந்து வருவதால், ஒன்றோடொன்று ஒட்டாத நிறம் வர வாய்ப்பு ரொம்பக் குறைவு.

அப்போ எல்லாமே நாலு கலர்தானா?

இல்லை. பளிச்சென்ற நீலம், ஊதா, இளம்பச்சை இதில் வராது. தேவைப்பட்ட இடத்தில் சோர்னும் வேறு கலரைத் தொட்டிருக்கார். அவர் விட்டுச்சென்ற டியூப்களில் கோபால்ட் நீலமும் இருக்கு. நாலு கலர் அவருக்கு விரதம் இல்லை, வசதி.

1920-ல் 60 வயதில் மோராவிலேயே இறந்தார். வீடும் ஓவியங்களும் ஸ்வீடன் அரசுக்குப் போயின. 1939-ல் அதே ஊரில் சோர்ன் மியூசியம் திறந்தது. அதற்காகப் பாடுபட்டவர், அன்று அவர் சம்பாதித்து வரும்வரை காத்திருந்த அதே எம்மா.