வால்டர் ஷூஹார்ட்

ஒரே பொறியில் ஒரே கைவினைஞன் செய்யும் இரண்டு திருகாணிகள்கூட அணுவளவும் பிசகாது ஒத்திருப்பதில்லை. இவ்வேறுபாடுகளுள் எவற்றைப் பொறுப்பது, எவற்றின் காரணத்தைத் தேடிக் களைவது என்னும் வினாவுக்கு ஒழுங்கான விடை கண்டவர் வால்டர் ஷூஹார்ட் என்னும் அமெரிக்க அறிஞர். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

இவர் 1891-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 18-ம் நாள் இல்லினாய் மாகாணத்து நியூ காண்டன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். கலிபோர்னியா சர்வகலாசாலையில் பௌதிக சாஸ்திரம் பயின்று 1917-ல் டாக்டர் பட்டம் பெற்றார். மறு ஆண்டில், டெலிபோன் கருவிகள் செய்யும் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியிற் பணி ஏற்றார்.

அந்நாளில், பொருள்களைச் செய்து முடித்தபின் சோதித்துப் பழுதானவற்றைக் கழிப்பதே பெருவழக்கு. ஆயினும் பழுது நேருமுன் அதனைத் தடுப்பதன்றோ சிறப்பு? அதற்கென அளவு சற்றே மாறும்போதெல்லாம் பொறியைத் திருத்தினாலோ, வேறுபாடு குறைவதற்குப் பதிலாய் மிகும். குற்றமற்ற தொழிலாளியும் பழிக்கு ஆளாவான்.

இச்சிக்கலைத் தீர்க்கும் வரைபடம் ஒன்றை 1924-ம் ஆண்டு மே மாதம் 16-ம் நாள், ஒரு பக்க அளவேயான குறிப்பில், ஷூஹார்ட் தம் மேலதிகாரிக்கு அனுப்பினார். அவர் வகுத்த முறை இது: அவ்வப்போது சில பொருள்களை எடுத்து அளந்து, அவற்றின் சராசரியைப் புள்ளியாகக் குறிக்க வேண்டும். நடுக்கோட்டின் மேலும் கீழும், அப்புள்ளிகளின் திட்டவிலக்கத்தைப்போல் மும்மடங்கு தொலைவில் எல்லைக்கோடுகள் அமையும். புள்ளிகள் எல்லைக்குள் ஒழுங்கின்றிச் சிதறுமாயின் அது தற்செயல், பொறியைத் தொடலாகாது. எல்லையைக் கடந்தால் காரணத்தைத் தேட வேண்டும்.

எல்லையை நெருக்கினால் வீண் எச்சரிக்கை பெருகும். அகற்றினால் மெய்க்குற்றம் மறையும். இவ்விரு நஷ்டங்களையும் சீர்தூக்கியே அவர் மும்மடங்கைக் கொண்டார். அளவுகள் இயல்நிலைப் பரவலை ஒத்திருப்பின், சராசரியாக 370 புள்ளிகளுக்கு ஒருமுறையே வீண் எச்சரிக்கை எழும். பெருமாறுதலை இவ்வரைபடம் விரைவிற் காட்டும். ஒரு திட்டவிலக்க அளவேயான சிறு பெயர்ச்சியை அறியவோ சராசரியாக 44 புள்ளிகள் வேண்டும். இக்குறையை நீக்க, விலகல்களைத் தொடர்ந்து கூட்டிவரும் முறையைப் பேஜ் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1954-ல் வெளியிட்டார். அது ஏறத்தாழ 10 புள்ளிகளில் அப்பெயர்ச்சியைக் காட்டும். எனினும் பேஜ் எழுப்பிய கட்டடத்திற்கும் அடித்தளம் ஷூஹார்ட் இட்டதே என்பதை நாம் மறத்தலாகாது.

ஷூஹார்ட் 1925 முதல் 1956 வரை பெல் டெலிபோன் ஆராய்ச்சிச் சாலையில் உழைத்தார். 1931-ல் தம் கொள்கையை நூலாக்கினார். 1947-48-ல் இந்தியப் புள்ளியியற் கழகத்தின் ஆதரவில் நம் நாட்டுக்கும் வந்து இம்முறையை விளக்கினார். 1967-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 11-ம் நாள் காலமானார்.

பழி கூறுமுன் காரணம் உண்டோ என்று ஆராய்க என்பதே அவர் வரைபடம் நமக்குப் புகட்டும் பாடமாகும்.