ஈ சொன்ன சாட்சி

சங்கரன்கோவில் கடைத்தெருவில், கனிந்த வாழைத்தாரைச் சுற்றிச் சின்னஞ்சிறு ஈக்கள் மொய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள், தோழர்களே! கையை வீசி விரட்டுகிறோம், மறந்து விடுகிறோம். அத்தகைய ஈயைப் பால் புட்டியில் அடைத்து, வாழைப்பழம் ஊட்டி வளர்த்து, பிறப்பு என்னும் புதிரை அவிழ்த்தார் ஒருவர். அமெரிக்க நாட்டு அறிஞர் தாமஸ் ஹண்ட் மார்கன் அவர்.

யார் வீட்டுப் பிள்ளை? 1866 செப்டம்பர் 25-ஆம் நாள், கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் நகரில் பிறந்தார். தாயாரின் பாட்டனார், அமெரிக்க நாட்டுப் பண்ணை எழுதியவர். பெரியப்பா, அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலப் படையின் குதிரைப்படைத் தளபதி. அடிமைகளை உடைமையாக வைத்திருந்த குடும்பம்! குருதிப் பெருமை பேசிக் காலம் தள்ளியிருக்கலாம். பிள்ளையோ பெருமையைத் தேடவில்லை, சான்றைத் தேடினார்.

பட்டாணிச் செடியை வைத்து மெண்டல் கண்ட மரபு விதி அச்சேறியதும் அதே 1866-இல்தான். அதையும் மார்கன் எளிதில் நம்பவில்லை. பெரியவர் சொன்னார் என்பதற்காகத் தலையாட்டும் பழக்கம் அவரிடம் இல்லை. சோதித்துப் பார்ப்போம் என்றுதான், 1904 முதல் தாம் பணியாற்றிய கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சிறிய அறையொன்றில் ஈ வளர்த்தார்.

1910-இல், சிவப்புக் கண் ஈக்களுக்கு நடுவே வெள்ளைக் கண்ணோடு ஓர் ஆண் ஈ தோன்றியது. அதைச் சிவப்புக் கண் பெண் ஈக்களோடு சேர்த்தார். பிள்ளைகள் ஏறத்தாழ அத்தனையும் சிவப்புக் கண். பேரப்பிள்ளைகளில் வெள்ளைக் கண் மீண்டது. ஆண் ஈக்களில் 782-க்கு வெள்ளைக் கண், பெண் ஈக்களில் ஒன்றுக்குக்கூட இல்லை! காரணம் என்ன? கண் நிறத்துக்குரிய மரபணு, பாலோடு தொடர்புடைய எக்ஸ் குரோமோசோமில் குடியிருக்கிறது. மரபணு என்பது கற்பனையல்ல, உடலுக்குள் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும் பொருள் என்பது மெய்ப்பட்டது. ஐயப்பட்ட மார்கனே, சான்று வந்ததும் அதை ஏற்றார்.

அந்த அறைக்குள் இன்னொருவரும் வந்தார். கால்வின் பிரிட்ஜஸ், தாய் தந்தையை இழந்து பாட்டியிடம் வளர்ந்த ஏழை மாணவர். வேலை, புட்டி கழுவுவது. ஒரு நாள், கழுவ எடுத்த புட்டியின் தடித்த கண்ணாடிக்கு அப்பால், பிறர் பார்வைக்குத் தப்பிய ஈயொன்றைக் கண்டார். அதன் கண் நிறம் மாறியிருந்தது. ஓடும் பாவில் ஒற்றை இழை அறுந்தாலும் கண்டுகொள்ளும் நம் விசைத்தறித் தோழரின் கண் அது! மார்கன் குலம் கேட்டாரா? குடிப்பெருமை கேட்டாரா? ஆராய்ச்சி மேசையில் உட்கார வைத்தார். 1915-இல் வெளிவந்த மரபியல் நூலின் ஆசிரியர் நால்வரில், புட்டி கழுவிய பிரிட்ஜஸும் ஒருவர்.

மார்கன் குறையே இல்லாதவர் என்று நாம் சொல்லவில்லை. அந்த நால்வரில் ஒருவரான மல்லர், தம் உழைப்புக்குரிய பெயர் கிட்டவில்லை என்று குமுறியதுண்டு. ஆனால், 1933-இல் நோபல் பரிசு வந்தபோது, அந்தப் பணத்தைத் தம் பிள்ளைகளுக்கும், தோழர்கள் பிரிட்ஜஸ், ஸ்டர்டிவன்ட் ஆகியோரின் பிள்ளைகளுக்கும் பங்கிட்டுக் கொடுத்தார் மார்கன்.

அந்த நாளில், நல்ல குருதி, கெட்ட குருதி என்று மக்களைத் தரம் பிரித்தது ஒரு கூட்டம். 'தகுதியற்றோர்' என முத்திரை குத்தி, அவர்களைக் கருத்தடைக்கு ஆளாக்க, 1907-இல் இந்தியானா மாநிலம் சட்டமே செய்தது. மரபியலின் பெயரால் நடந்த கொடுமை! மரபியலின் தலைமகனோ அதற்குத் துணை போகவில்லை. மனிதனின் அறிவும் ஒழுக்கமும் கல்வியாலும் சூழலாலும் பெரிதும் உருவாகின்றன; அதை மறந்து பிறவியின் மேல் பழி போடாதீர் என்று 1925-இல் எழுதிய நூலில் எச்சரித்தார்.

இன்னொன்றும் எண்ணிப் பாருங்கள். 1913 முதல் 1916 வரை அதே கொலம்பியாவில் பயின்றார் அண்ணல் அம்பேத்கர். 1916-இல் சாதியின் தோற்றம் பற்றிய கட்டுரையை அங்கேதான் படைத்தார். ஓர் அறையில் பிறப்பின் உண்மை ஆராயப்பட்டது. அதே வளாகத்தில் பிறப்பின் பெயரால் கட்டிய பொய் ஆராயப்பட்டது!

1945 டிசம்பர் 4-ஆம் நாள் மார்கன் மறைந்தார். ஈ இன்றும் உழைக்கிறது. அதன் இறகில் ஏறத்தாழ 30,000 உயிரணுக்கள்; ஒவ்வொன்றிலும் ஒரே மயிர், எல்லாம் இறகு நுனியை நோக்கிப் படிந்திருக்கும். ஒரு மரபணு கெட்டால், ஓர் உயிரணுவில் பல மயிர்கள் முளைக்கும். அந்த மரபணுவில் ஒரு நல்ல படியும் ஒரு கெட்ட படியும் உள்ள புழுவுக்கு, ஐயத்துக்குரிய சாயத்தையோ பூச்சிமருந்தையோ ஊட்டுகிறார்கள். நல்ல படி சிதைந்தால், வளர்ந்த ஈயின் இறகில் பலமயிர்த் திட்டுத் தோன்றிக் காட்டிக் கொடுக்கும். 1984-இல் வகுக்கப்பட்ட சோதனை இது. சாயத்தில் கை நனைப்பவனுக்கும் வயலில் மருந்து தெளிப்பவனுக்கும் இது காவல் அல்லவா?

கண்ணுக்கு மரபணு உண்டு. இறகின் மயிருக்கும் உண்டு. உயர்ந்தவன், தாழ்ந்தவன் என்பதற்கு? புட்டி புட்டியாகத் தேடியும் எந்த ஈயும் அதற்குச் சாட்சி சொல்லவில்லை, தோழர்களே!