ஒப்பமிட்டவரே வழக்காட வந்தார்

அமைச்சராயிருந்து தாம் ஒப்பமிட்ட சாசனத்தையே, ஏழாண்டுகளின் பின் சட்டத்தரணியாக நின்று தம் நாட்டு அரசுக்கு எதிராக எடுத்துக்காட்டிய ஒருவரை நீங்கள் அறிவீர்களா? அயர்லாந்தின் ஷோன் மக்பிறைட் அவர்.

1904இல் பாரிஸ் நகரிற் பிறந்தார். 1916ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாட் கிளர்ச்சியிற் பங்குகொண்ட தந்தையை ஆங்கிலேயர் சுட்டுக்கொன்றபோது பாலகனுக்கு வயது 12. வளருமுன்னரே அவரும் ஆயுதம் ஏந்தினார். 1922இல் உள்நாட்டுப் போர்க் கைதியாக டப்ளின் சிறையில் இருந்தார். அவ்வாண்டு டிசெம்பர் 8ஆம் திகதி, அமல உற்பவத் திருநாளன்று, அதே சிறையிலிருந்த நால்வரை விசாரணையின்றிச் சுட்டனர். சுட்டது ஐரிஷ் அரசே. பின்னர் ஐரிஷ் குடியரசுப் படைக்குச் சிலகாலம் தலைமை தாங்கினார் என்பதையும் நாம் மறைக்கவேண்டியதில்லை. 1937இல் சட்டத்தரணியானார், 1948இல் வெளிநாட்டமைச்சரானார். 1950 நொவெம்பர் 4இல் உரோமாபுரியில், ஐரோப்பிய மனித உரிமைகள் சாசனத்தில் அயர்லாந்துக்காக ஒப்பமிட்டார்.

1957 யூலையில் லோலெஸ் என்ற இளைஞர் கைதானார். குற்றச்சாட்டுமில்லை, விசாரணையுமில்லை, ஏறக்குறைய ஐந்து மாதம் இராணுவ முகாமில் தடுப்புக்காவல். ஆட்கொணர்வு மனு உள்நாட்டில் தோற்றதும், மக்பிறைட் அவ்வழக்கை ஸ்ராஸ்பேர்க் நகரிலிருந்த மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குக் கொண்டுசென்றார். ஆணைக்குழு அதை ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றில் வைத்தது. அந்நீதிமன்றின் முதல் வழக்கு அதுவே. ஆனால் பாருங்கள், சிறையிருந்தவர் அங்கே கட்சிக்காரரல்லர்! ஆணைக்குழுவோ அரசோதான் வழக்குரைக்கலாம். அவர் கருத்தை ஆணைக்குழு வாயிலாகக் கேட்க 1960இல் நீதிமன்றம் இணங்கியதே பெரிது.

1961 யூலை 1இல் தீர்ப்பு வந்தது. நாட்டில் அவசரநிலை இருந்தமையால் அரசு சாசனத்தை மீறவில்லை என்றது. மக்பிறைட் தோற்றார். எனினும் அத்தீர்ப்பை ஊன்றிப் படிப்போர் இரண்டு காரியங்களைக் காண்பர். அவசரநிலை இல்லையேல், தடுத்து வைத்தவரை நீதிபதிமுன் நிறுத்தாதது தவறாகும். தடைசெய்யப்பட்ட இயக்கத்தைச் சேர்ந்தவர் என்பதற்காக ஒருவர் சாசனத்தின் பாதுகாப்பை இழப்பார் என்ற அரசின் வாதமும் தள்ளப்பட்டது. தந்தையையும் உடன்சிறையிருந்தோரையும் துப்பாக்கிக்குப் பறிகொடுத்த மனிதருக்கு இது சிறு பேறல்ல என்றே எண்ணுகிறேன்.

சர்வதேச மன்னிப்புச் சபைக்குப் பல்லாண்டு தலைமை வகித்த அவர், 1974இல் நோபல் சமாதானப் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1988 சனவரி 15இல் டப்ளினில் காலமானார். ஆணைக்குழுவின் துணையின்றித் தனிமனிதர் எவரும் நேரே அந்நீதிமன்றை நாடும் வழி 1998 நொவெம்பரிற்றான் திறந்தது.