சொல்லே செல்வம்

பொருள் தேடி வாழ்வோர் பலர். அருள் தேடி வாழ்வோர் சிலர். அச்சிலருள் ஒருவர் சுவார்ட்சு ஐயர். செருமானிய நாட்டில் 1726-ஆம் ஆண்டு பிறந்த அவர், கிறித்தவ நெறியைப் போதிக்க விழைந்து 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்தார். தமிழைக் கற்றுத் திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சையிலும் தொண்டாற்றினார்.

1779-இல் சென்னை ஆங்கில ஆட்சியாளர் அவரை ஐதர் அலியிடம் தூது விடுத்தனர். சீரங்கப்பட்டணத்தில் ஐதர் 300 ரூபாய் கொண்ட பணமுடிப்பு ஒன்றை அவருக்கு வழங்கினார். ஐயர் அதனைத் தமதாகக் கொள்ளாது ஆட்சியாளரிடம் ஒப்புவித்தார். அவர்கள் அதனை அவருக்கே திருப்பியளித்தனர். அவரோ தஞ்சையில் ஏழைச் சிறுவர்க்குப் பள்ளி அமைக்கும் நிதிக்கு அதனை முதலாக்கினார்.

அடுத்த ஆண்டிற் போர் மூண்டது. தஞ்சைக் கோட்டையில் உணவு அருகியது. நாட்டில் நெல் இருந்தும், அதனைச் சுமந்துவர எருதுகள் கிடைத்தில. முன்பு கூலி பெறாது ஏமாந்த மக்கள் ஆட்சியாளரை நம்பிலர். கூலிக்குத் தாமே பொறுப்பு என்றார் ஐயர். ஓரிரு நாளில் ஆயிரம் எருதுகள் வந்து சேர்ந்தன. கோட்டையிலுள்ளோர் பசி நீங்கினர். ஐயரும் தம் சொல்லைக் காத்தார்.

1798-இல் அவர் தஞ்சையில் மறைந்தார். அவரைத் தந்தையெனப் போற்றிய சரபோசி மன்னர் சலவைக்கல்லில் நினைவுச்சிற்பம் அமைத்தார். அரண்மனைக் கருவூலத்தால் ஆகாததை, பொருளில் பற்றில்லாத ஒருவரின் வாய்ச்சொல் ஆக்கியது. மாணவர்களே, எது செல்வம் என்பதை எண்ணிப் பாருங்கள்.